பழைய வீடியோ கேசட், புதிய டிவி: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

முப்பது வருடம் அலமாரியில் கிடந்த கல்யாணக் கேசட்டை எடுத்து, கேசட் ஓட்டும் டெக்கைத் தூசி தட்டி, 55 அங்குல டிவியில் மாட்டினால் எடுத்த எடுப்பில் படம் ஒழுங்காக வருவது அரிது. கறுப்பு வெள்ளையாக வரும், ஆடும், திடீரென்று நீலத்திரை காட்டும். ‘கேசட் போச்சு’ என்று அங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள். கேசட்டில் படம் பத்திரமாக இருக்கும். வயரிலோ கன்வெர்ட்டரிலோ டிவி செட்டிங்கிலோதான் பல நேரம் கோளாறு இருக்கும்.

டெக் அனுப்பும் சிக்னல் எப்போதுமே கொஞ்சம் தள்ளாடும். டேப் நீளும், சுருங்கும். டேப்பைப் படிக்கும் ஹெட் சுற்றும் வேகம் மயிரிழை கூடும், குறையும். அதனால் படத்தை உண்டாக்கும் ஒவ்வொரு கிடைவரியும் ஒரே கால அளவில் வந்து சேராது. பழைய பிக்சர் டியூப் டிவி அந்தத் தள்ளாட்டத்தோடு தானும் சேர்ந்து ஆடி ஈடுகொடுத்தது. இன்றைய டிவியோ வரும் வரிகளை எண்ணாக மாற்றிக் கட்டங்களில் அடுக்கியாக வேண்டும். வரி முன்னே பின்னே வந்தால் அதற்குத் தடுமாற்றம். கீழே வரும் கோளாறுகளில் பல இதிலிருந்து பிறப்பவைதான்.

தொடங்குவதற்கு முன்

டெக் கெட்டால் இன்னொன்று தேடலாம். வீடுகளில் பரவலாக இருந்த விஎச்எஸ் வகைக் கேசட்டுக்கான டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய டெக்குகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கேசட் உலகத்தில் ஒன்றே ஒன்று. ஆகவே ஓட்டிப் பார்க்காத டெக்கில் முதலில் அதைப் போடவே கூடாது. தேவையில்லாத ஏதாவது ஒரு கேசட்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், முன்னும் பின்னும் சுற்றுங்கள், வெளியே எடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் சிறு பித்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள். டேப்பின் ஓரம் சுருங்கியிருந்தாலோ மடிந்திருந்தாலோ அந்த டெக்கில் நல்ல கேசட்டைப் போடாதீர்கள்.

கேசட் முதுகின் ஓரத்தில் இருக்கும் பதிவுத் தாவலை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டன் அழுந்தினால் அழிந்தது அழிந்ததுதான். கண்ணாடிச் சன்னல் வழியாக ரீலின் பக்கவாட்டையும் பாருங்கள்: வெள்ளையாகத் தூள் தூவியது போலவோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

உள்ளங்கையில் அடங்கும் கேசட்டுகளில் இரண்டு வகை உண்டு. விஎச்எஸ்-சி என்றால் அதற்கான அடாப்டரில் வைத்து டெக்கில் போடலாம். அந்த அடாப்டருக்குள் பேட்டரி தீர்ந்திருந்தால் டேப்பை இழுக்காது, முதலில் பேட்டரியை மாற்றுங்கள். 8 மி.மீ. ஹேண்டிகேம் கேசட்டுக்கு அப்படி ஒரு அடாப்டர் கிடையவே கிடையாது. அதை அந்த வகைக் கேமராவில்தான் ஓட்ட முடியும்.

முதல் சோதனையை ஆம்ப்ளிஃபையர், ஸ்பிளிட்டர் எதுவும் இல்லாமல் டெக்கிலிருந்து நேராக டிவிக்கு வயர் போட்டுச் செய்யுங்கள். படம் வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

படமே வரவில்லை, அல்லது கன்னாபின்னாவென்று வருகிறது

டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் தனித்தனியாக இருந்தால் வேலை எளிது. இப்போதைய டிவிகள் பலவற்றில் ‘ஏவி இன்’ என்று ஹெட்போன் துளை போல ஒரு 3.5 மி.மீ. துளைதான் இருக்கும். அதற்கு நான்கு தொடுமுனை உள்ள வயர் வேண்டும். தொல்லை என்னவென்றால், எந்த முனையில் வீடியோ, எந்த முனையில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவுக்கு வந்த வயர் டிவிக்குள் சரியாக நுழையும், ஆனால் படத்துக்குப் பதில் சத்தத்தில் இரைச்சல் வரும். டெக் பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்களை இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். சில வயர்கள் அப்படியே சரியாகிவிடும். எர்த் முனையே வேறு இடத்தில் இருக்கும் வயர் என்றால் எப்படி மாற்றினாலும் வராது. அந்த டிவி மாடலுக்கான வயரைத்தான் வாங்க வேண்டும்.

ஏவி துளையே இல்லாத டிவிக்குக் கன்வெர்ட்டர் தேவை. கடையில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது, மற்றது எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது. நமக்கு வேண்டியது முதலாவது. பெட்டியில் மஞ்சள் துளையின் பக்கம் ‘இன்புட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாற்றி வாங்கிவிட்டு டெக்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

கன்வெர்ட்டரில் படம் வந்து வந்து போனால் அதற்குப் போகும் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல் 5 வோல்ட், 1 ஆம்பியர் போன் சார்ஜரில் மாட்டுங்கள். பிறகும் டிவி ‘சிக்னல் இல்லை’ என்றால் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சுவிட்சை 1080இலிருந்து 720க்குத் தள்ளிப் பாருங்கள்.

டெக்கில் ஆன்டெனா அவுட் மட்டும்தான் இருக்கிறது என்றால் டிவியில் அனலாக் சேனல் தேடலை ஓட்டுங்கள். நம் பக்கத்து டெக்குகள் யுஎச்எஃப் 36ஆம் சேனலை ஒட்டித்தான் பெரும்பாலும் அனுப்பும். மஞ்சள் துளை இருக்கும் டெக்கில் ஆன்டெனா வழியைப் பயன்படுத்தாதீர்கள், படத்தின் தரம் அதில் இன்னும் குறையும்.

கறுப்பு வெள்ளையாக வருகிறது

முதலில் வயர். பல டிவிகளில் மஞ்சள் பின்னுக்குத் தனித் துளை இல்லாமல், பச்சைத் துளையே இரண்டு வேலையும் செய்யும். மஞ்சள் பின்னை அங்கே செருகியது சரிதான். ஆனால் ரிமோட்டில் ‘காம்போனென்ட்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால் டிவி நிறத்தை மற்ற இரண்டு துளைகளில் தேடும். அங்கே ஒன்றும் இல்லாததால் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். இன்புட்டை ‘ஏவி’ என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

அது இல்லை என்றால் பதிவு முறையைப் பாருங்கள். கேசட் காலத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ‘பால்’ முறை: 625 வரி, நொடிக்கு 25 படம். கனடா, அமெரிக்கா என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30 படம். பிரான்ஸில் செக்காம் என்ற மூன்றாவது முறை. டொராண்டோவிலிருந்து மாமா அனுப்பிய பிறந்தநாள் கேசட்டும் பாரிஸிலிருந்து வந்த கல்யாணக் கேசட்டும் ஒரே அலமாரியில் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். செக்காம் கேசட்டைப் பால் டெக்கில் போட்டால் படம் நிற்கும், நிறம் வராது. என்டிஎஸ்சி கேசட்டைப் பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் படமே நிலைக்காது, குரலும் கனத்து இழுபடும். காரணம், என்டிஎஸ்சி டேப் நொடிக்கு 33.35 மி.மீ. ஓட வேண்டும், பால் டேப் 23.39 மி.மீ. ஓடினால் போதும். லேபிளில் இ-180 என்றிருந்தால் பால் நாட்டில் விற்ற வெற்றுக் கேசட், டி-120 என்றிருந்தால் என்டிஎஸ்சி நாட்டில் விற்றது. இது ஓர் அடையாளம் மட்டுமே. எந்தக் கருவியில் பதிவானது என்பதுதான் முறையைத் தீர்மானிக்கும்.

‘என்டிஎஸ்சி பிளேபேக்’ வசதி உள்ள பால் டெக்குகள் பல, வரிகளை அப்படியே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பால் ஆக்கி அனுப்பும். டிவி இதைப் புரிந்துகொள்ளும். மலிவான கன்வெர்ட்டர் பல நேரம் புரிந்துகொள்ளாமல் நிறத்தைத் தொலைத்துவிடும். டெக்கில் என்டிஎஸ்சி 3.58 என்று ஒரு தேர்வு இருந்தால் அதை வையுங்கள். டிவியில் ‘கலர் சிஸ்டம்’ ஆட்டோவில் இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டெக் என்றால் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள்.

படத்தின் மேல்பகுதி சாய்கிறது, அடிக்கடி நீலத்திரை வருகிறது

படத்தின் மேல்பாகம் கொடி பறப்பது போல ஒரு பக்கம் வளைந்தால் டேப்பின் இழுவிசை பதிவானபோது இருந்தது போல் இல்லை என்று பொருள். வெகு காலம் ஓடாத கேசட்டைக் கடைசி வரை முன்னோக்கிச் சுற்றி, பின்னோக்கிச் சுற்றிவிட்டு ஓட்டினால் கொஞ்சம் சீராகும்.

நீலத்திரைக்கு இரண்டு காரணம். சிக்னல் மெலிந்ததும் டெக்கே நீலத்தைப் போட்டு மூடுவது ஒன்று; மெனுவில் ‘ப்ளூ பேக்’ என்பதை ஆஃப் செய்தால் புள்ளியோடு புள்ளியாகவாவது படம் தெரியும். மற்றது, தள்ளாட்டம் தாங்காமல் டிவியோ கன்வெர்ட்டரோ கைவிடுவது. இதற்கு டிவி செட்டிங்கில் மருந்து இல்லை. வரிகளை நடுவில் பிடித்துச் சீராக்கி அனுப்ப ஒரு கருவி வேண்டும். அதற்கென்றே செய்த டைம் பேஸ் கரெக்டர் விலை அதிகம். கேசட் ஆர்வலர்கள் பல வருடமாகக் கையாளும் வழி பழைய டிவிடி ரெக்கார்டர். டெக்கின் வயரை ரெக்கார்டரின் ஏவி இன்னில் கொடுத்து, ரெக்கார்டரின் எச்டிஎம்ஐ அல்லது ஏவி அவுட்டை டிவிக்குக் கொடுக்க வேண்டும். எதையும் பதிவு செய்ய வேண்டாம், இன்புட்டைத் தேர்ந்தெடுத்து ஆன் செய்து வைத்தால் போதும். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 மாடல்கள் இந்த வேலைக்குப் பேர் பெற்றவை. எல்லா ரெக்கார்டரும் இந்த அளவுக்குச் செய்யாது, இரண்டு மூன்றைச் சோதித்து வாங்க முடிந்தால் நல்லது.

கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டில் மட்டும் வெளிச்சம் கூடிக் கூடிக் குறைந்தால் அது நகலெடுக்காமல் தடுக்கப் பதித்த சிக்னல். இடையில் இன்னொரு டெக்கோ ரெக்கார்டரோ இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக டிவிக்குக் கொடுங்கள்.

பனி பெய்வது போல் புள்ளிகள்

எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல. கிடைமட்டப் பட்டையாக நின்று, டிராக்கிங் பட்டனை அழுத்தும்போது மேலே கீழே நகர்ந்தால் அது டிராக்கிங் (பதிவான தடத்தோடு ஹெட் பொருந்துவது) தவறியது மட்டும்தான். கல்யாண வீடியோக்கள் ஒரு டெக்கில் பதிவாகி இன்னொன்றில் நகலெடுத்தவை, அதனால் உங்கள் டெக்கின் தானியங்கி டிராக்கிங் ஏமாறும். கையால் சரிசெய்யுங்கள்.

படம் முழுக்கப் புள்ளி, எந்தக் கேசட் போட்டாலும் அப்படியே என்றால் ஹெட் அடைத்திருக்கிறது. நான்கு ஹெட் டெக்கில் மெதுவான எல்பி வேகத்துக்குத் தனி ஜோடி ஹெட் இருக்கும். எல்பி கேசட் மட்டும் மோசமாக வந்தால் அந்த ஜோடியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஹெட்டைத் துடைக்கும் முறை இது. பிளக்கைப் பிடுங்குங்கள், உள்ளே பவர் சப்ளைப் பகுதியில் 230 வோல்ட் ஓடும், அதனால் கொஞ்ச நேரம் கழித்தே மூடியைத் திறக்க வேண்டும், அந்தப் பக்கம் கை போகக் கூடாது. பஞ்சு சுற்றிய காதுக்குச்சி இந்த வேலைக்கு ஆகாது. ஹெட் என்பது, சுற்றும் உலோக உருளையான டிரம்மின் ஓரத்தில் துருத்தி நிற்கும் கடுகு அளவுகூட இல்லாத பொருள், பஞ்சின் இழை சிக்கினால் உடைந்துவிடும். இழை பிரியாத ஷமாய் துணியையோ, அது கிடைக்காவிட்டால் பிரின்டர் தாளை நான்காக மடித்தோ 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். டிரம்மின் பக்கவாட்டில் மெதுவாக ஒட்டி அசையாமல் பிடியுங்கள். இன்னொரு கையால் டிரம்மின் மேற்புறத்தைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். சுற்றுவது டிரம், துணி அல்ல. மேலும் கீழுமாக ஒரு முறைகூடத் தேய்க்காதீர்கள். ஆடியோ ஹெட்டுக்கும் உலோகத் தண்டுக்கும் காதுக்குச்சி பரவாயில்லை. ரப்பர் உருளையை நீர் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அரை மணி நேரம் காயவிட்டுத் தேவையில்லாத கேசட்டை முதலில் ஓட்டுங்கள்.

எந்தக் கேசட்டிலும் படத்தின் உச்சியில் மட்டுமோ அடியில் மட்டுமோ புள்ளி நின்றால் டேப்பை வழிநடத்தும் தூண் இறங்கியிருக்கிறது: உச்சி என்றால் டேப் வந்து சேரும் பக்கத் தூண், அடி என்றால் வெளியேறும் பக்கத் தூண். இதைத் திருகுவது மெக்கானிக் வேலை. ஒரு திருகு தவறினால் டேப் ஓரம் நசுங்கும்.

கீழ் விளிம்பில் மட்டும் நெளியும் ஒரு கோடு

இது கோளாறே இல்லை. இரண்டு ஹெட்டுகளும் மாறிக்கொள்ளும் இடம் அது. எல்லா விஎச்எஸ் பதிவிலும் உண்டு; பழைய டிவியில் படத்தின் ஓரம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டிவியில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற தேர்வை ஆஃப் செய்தால் ஓரம் வெட்டப்பட்டுக் கோடு மறையும்.

ஆட்கள் குண்டாகத் தெரிகிறார்கள். முகம் பிளாஸ்டிக் போல இருக்கிறது

டிவியின் படவடிவத்தை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு விழுவதுதான் சரி. டிவி மறுத்தால் கன்வெர்ட்டரே 16:9க்கு இழுத்து அனுப்புகிறது. எச்டிஎம்ஐ இன்புட்டிலும் 4:3 ஏற்கும் டிவி என்றால் தப்பித்தோம், இல்லையேல் வேறு கன்வெர்ட்டர்தான்.

விஎச்எஸ் படத்தில் இடமிருந்து வலமாக எண்ணினால் ஏறத்தாழ 240 நுண்கோடு அளவு விவரம்தான் இருக்கிறது. இல்லாத விவரத்தை டிவி கண்டுபிடிக்கப் பார்க்கும்போது முகம் மெழுகாகும், ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். ஷார்ப்னெஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனைக் குறைவில் வையுங்கள், அல்லது அதையும் அணையுங்கள். ஒரு முழம் பின்னால் தள்ளி உட்காருங்கள். இத்தனைக்கும் பிறகு கேமரா திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி நகர்ந்தால், கன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸ் படத்தை 60 ஹெர்ட்ஸாக மாற்றுகிறது. 50 ஹெர்ட்ஸில் அனுப்பக்கூடியதைத் தேடுங்கள். பால்–என்டிஎஸ்சி சுவிட்ச் இருந்தால் பால் பக்கம் வையுங்கள்.

ஹோம் தியேட்டரில் சத்தம் சரியில்லை

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் டெக் மோனோ. வெள்ளைத் துளை மட்டும் இருக்கும். ஒன்றை இரண்டாக்கும் வயர் போட்டு இரண்டு பக்கமும் கொடுங்கள். சரவுண்ட் வைத்திருந்தால் மோனோ ஒலி நடு ஸ்பீக்கருக்கு ஒதுங்கிவிடும். அது இயல்புதான், பேச்சு தெளிவாகவும் இருக்கும்.

ஹைஃபை டெக்கில் கரகரவென்று விட்டு விட்டுக் கேட்டால் ஒலியைப் படத்தோடு சேர்த்துச் சுழலும் ஹெட்டே படிக்கிறது, டிராக்கிங் தவறியதும் ஒலியும் உடைகிறது. ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி ‘நார்மல்’ வையுங்கள். அப்போது டேப்பின் மேல் ஓரத்தில் தனியாக இருக்கும் ஒலிப்பாதை கேட்கும். துல்லியம் குறைந்தாலும் நாதஸ்வரமும் பேச்சும் விட்டுப்போகாது.

உதடு ஒரு நேரம், குரல் ஒரு நேரம் என்றால் படம் டிவிக்குள் பதப்பட்டுத் தாமதமாகிறது, ஒலி நேராக ஆம்ப்புக்குப் போய் முந்திவிடுகிறது. ஒலியையும் டிவிக்கே கொடுத்து அங்கிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ஆம்ப்புக்கு எடுங்கள். அல்லது ஆம்ப்பின் ‘லிப் சிங்க்’ தாமதத்தை 60இல் தொடங்கிப் பத்துப் பத்து மில்லி நொடியாக ஏற்றுங்கள். டிவியை கேம் மோடில் வைத்தாலும் இடைவெளி குறையும். ஓயாத ரீங்காரம் இருந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சுற்றி ரீங்காரம் தருகின்றன, எல்லாக் கருவியையும் ஒரே பவர் போர்டில் மாட்டுங்கள்.

மஞ்சள் வயரை ஆம்ப்பில் கொடுத்து எச்டிஎம்ஐயில் படத்தை எதிர்பார்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அனலாக் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றாத ஆம்ப்புகள் ஏராளம். படத்துக்கு டிவி, ஒலிக்கு ஆம்ப் என்று பிரித்துவிடுங்கள்.

சில நொடி ஓடி நின்றுவிடுகிறது, அல்லது டேப்பைக் கடிக்கிறது

டேப்பை வாங்கிச் சுற்ற வேண்டிய ரீல் சுற்றவில்லை என்றால் டெக் தானாக நிற்கும். ரப்பர் பெல்ட்டோ ரீலைச் சுற்றவைக்கும் ஐட்லர் சக்கரமோ கெட்டியாகி வழுக்குகிறது, மாற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கும்போது மட்டும் நின்றால் பழுது இல்லை. டேப்பின் முனையில் இருக்கும் ஒளி ஊடுருவும் பகுதியைக் கண்டுபிடிக்க உள்ளே ஒளி உணரி உண்டு, அறை வெளிச்சம் அதை ஏமாற்றுகிறது. விளக்கை அணையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த டெக் அசையாமல் இருந்தால் டிரம்மில் ஈரம் படிந்திருக்கும், இரண்டு மணி நேரம் விடுங்கள்.

கேசட் உள்ளே சிக்கினால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, டேப்பை டிரம்மில் சுற்றிவைக்கும் லோடிங் மோட்டாரின் தண்டை விரலால் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருங்கள். தூண்கள் பின்வாங்கி டேப் தளரும். தளர்ந்த டேப்பை ரீலைச் சுற்றி உள்ளே வாங்கிய பிறகே கேசட்டைத் தூக்க வேண்டும். வெளியே இருக்கும் கேசட்டில் ரீல் அசையாவிட்டால் அடிப்பக்க நடுத்துளையில் பேனாவால் அழுத்துங்கள், பிரேக் விடும்.

டேப்பின் மேல் ஓரம் சுருங்கியிருந்தால் ஒலி அடிபடும். கீழ் ஓரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்புகள் இருப்பதால் அது சுருங்கினால் படமே தடுமாறும். சுருங்கிய இடம் வருவதற்கு முன் நிறுத்தி, தாண்டிச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்ததும் அறுந்ததும்

பூஞ்சைக் கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் டெக்கும் கெடும், அதில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் உலரவிடுங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றித் திறந்து, மென்மையான தூரிகையால் ரீலின் பக்கங்களைத் தட்டுங்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், கேசட் மீட்கும் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

அறுந்த டேப்பை ஒட்ட வீட்டில் இருக்கும் செலோடேப் கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளிலும் ஹெட்டிலும் ஒட்டும். டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப் வாங்குங்கள். கசங்கிய பகுதியை வெட்டி எறிந்து, இரண்டு முனையையும் நேராக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்ட வைத்து ஒட்ட வேண்டும். மூடியைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கம்தான் பதிவுப் பக்கம், ஒட்டுவது அதன் பின்புறத்தில். 12.7 மி.மீ. அகலத்துக்கு வெளியே இம்மியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இப்படி ஒட்டிய கேசட்டை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். அந்த ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரிலோ ரெக்கார்டரிலோ பதிவு செய்துகொண்டு, கேசட்டைச் சுற்றி முடித்து, நின்றவாக்கில் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.